ஒற்றை ஆளுக்கு ‘நீங்க’

பூனைக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்று, “போங்க, நீங்க முதல்ல போங்க” என்று சொல்லிவிட்டுத்தான் சுல்பிஸ் தர்போ காலையில் மாடிப்படி இறங்குவார். பூனை நடுப்படியில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொள்ளும். அவர் காத்திருப்பார். கீழே அடுப்படியிலிருந்து அவர் மனைவி மதெலோன் கத்துவாள்.

“பூனையையாவது நீன்னு சொல்லிப் பழகுன்னு நேத்துதானே சொன்னேன்!”

“சொல்லத்தான் வந்தேன், மதெலோன். நீங்க கோவிச்சுக்காதீங்க. அவங்க முகத்தைப் பார்த்ததும் வாய் வரலை.”

‘நீங்க’ மனைவிக்கு. ‘அவங்க’ பூனைக்கு.

வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டால் இவர்தான் குடியரசு. லாந்த்ரி ஊருக்கு இவர் தேசிய அதிகாரி. மேலிருந்து வரும் உத்தரவுகளைப் படித்துச் சொல்வது, களஞ்சியங்களைப் பார்வையிடுவது, யார் நல்ல குடிமகன் என்று சான்று தருவது, யார் கெட்ட குடிமகன் என்று மேலே போட்டுக்கொடுப்பது எல்லாம் இவர் வேலை. கடைசி வேலைக்கு மட்டும் இன்னும் நேரம் அமையவில்லை என்கிறார். நேரம் அமையாமல் ஒன்றுமில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சந்தைத் திடலில் உட்கார்ந்து வாத்துகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஊருக்கு முன்பு புனித லாந்த்ரி என்று பெயர். புனிதர்களெல்லாம் ஒழிக என்று பாரிஸில் புரட்சிக்காரர்கள் முடிவு செய்ததும் முன்பாதியைச் சீவிவிட்டார்கள். ஆயிரம் வருஷமாகப் புனிதராக இருந்தவர் இப்போது வெறும் லாந்த்ரி. கூப்பிட்டால் ஏதோ கழுதை ஓட்டுகிறவனைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

தர்போ உயரமான ஆள்தான், ஆனால் அந்த உயரத்தை யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. பாதி எப்போதும் குனிந்தே இருக்கும். கோட்டையில் பிரபு இருந்த காலத்தில், விருந்துக்கு வருகிறவர்களின் பட்டங்களை வாசலில் நின்று உரக்க அறிவிப்பதுதான் இவருடைய உத்தியோகம். ஒவ்வொருவருக்கும் ஒரு வண்டி பட்டம் இருக்கும். மூச்சு விடாமல் சொல்லி முடித்து, குனிவார். அடுத்தவர் வந்துவிடுவார் என்பதால் நிமிர்வதற்கு நேரம் இருக்காது. பிறகு ஒரு நாள் பிரபு தன் மனைவி, நாய், வெள்ளித் தட்டுகள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டிப் போய்விட்டார். தொண்டை மட்டும் ஊரில் மிஞ்சியது. புதிய அரசாங்கத்துக்கும் உத்தரவு படிக்க ஒரு தொண்டை தேவைப்பட்டது. அதிகாரியைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்குத் தர்போ வரவில்லை, சளி பிடித்திருந்தது. வந்திருந்த எல்லாரும் எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டாம் என்று பின்வாங்கியதால், வராதவர் ஒருமனதாக வென்றார்.

உத்தரவு படிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. புதிய காலண்டர் வந்தபோது, வாரத்துக்கு ஏழு நாள் போய்ப் பத்து நாள் என்பதையும், நாளுக்கொரு புனிதர் போய் நாளுக்கொரு காய்கறி அல்லது மிருகம் அல்லது கலப்பை என்பதையும் அவர்தான் திடலில் நின்று அறிவித்தார்.

“குடிமக்களே! இன்னைக்கு காளை நாள்!”

“அப்ப நாளைக்கு என் மாமனார் நாளா, தர்போ?” என்றான் கசாப்புக்கடை ஃபிர்மென். ஊரில் எதைச் சொன்னாலும் எதிர்வாய் ஃபிர்மெனுடையதுதான்.

தர்போ காகிதத்தைக் கீழ்வரை பார்த்துவிட்டுச் சொன்னார்: “உங்க மாமனார் இதுல இல்லீங்க. வேணும்னா மேல எழுதிக் கேக்கறேன்.”

ராணுவத்துக்குப் பன்றி பிடிக்கப் போனால், வாசலில் தொப்பியைக் கழற்றி நின்று, “உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, உங்க பன்றியை எடுத்துக்கலாமான்னு குடியரசு கேக்குது” என்பார். பிறகு தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்து, “வாங்க, இந்தப் பக்கம், சேறு, பார்த்து வாங்க” என்பார். பன்றி வரும். வேறு யார் கூப்பிட்டாலும் அது வராது. பன்றியைக் கொடுத்தவர்கள் திட்டிக்கொண்டேதான் கொடுப்பார்கள். ஆனால் கதவைத் திறந்துதான் கொடுப்பார்கள். பக்கத்து ஊர்களில் கதவை உடைத்து எடுக்கவேண்டியிருந்தது.

இப்படி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ‘நீ’ வந்தது.

மாவட்டத்திலிருந்து வந்த உத்தரவு இது. குடிமக்கள் எல்லாரும் சமம். ஆகவே ஒற்றை ஆளைப் பார்த்து ‘நீங்கள்’ என்பது பழைய அடிமைத்தனம். இனி எவரும் எவரையும் ‘நீ’ என்றே அழைக்கவேண்டும். அரசு வேலையில் இருப்பவர் வாயிலிருந்து ஒற்றை ஆளுக்கு ‘நீங்கள்’ வந்தால் அவர் பிரபுக்களின் ஆள் என்று சந்தேகிக்கப்படுவார். சந்தேகிக்கப்படுகிறவர் வண்டியில் ஏற்றப்படுவார்.

எங்கள் பக்கத்தில் ஜெபம் சொல்லும்போது கடவுளுக்கே ‘நீங்கள்’தான். ‘நீ’ என்பது பன்றிக்கும் மருமகனுக்கும். அதை எல்லாருக்கும் பொதுவாக்கியதில் ஊருக்குப் பெரிய வருத்தமில்லை. மதெலோன் உத்தரவைக் கேட்ட அன்று மத்தியானமே, கல்யாணமான நாளிலிருந்து ‘நீங்க’ என்று சொல்லிவந்த புருஷனை, “நீ விறகு உடைச்சியா?” என்று கேட்டாள். பழகிக்கொள்ள அவளுக்கு ஒரு வேளைகூடத் தேவைப்படவில்லை. எத்தனை காலமாக உள்ளே வைத்திருந்தாளோ.

தர்போதான் மாட்டிக்கொண்டார். உத்தரவைத் திடலில் உரக்கப் படித்தார். ஒரு எழுத்து தப்பாமல் படித்தார். முடித்ததும் முன்னால் நின்ற கிழவனைப் பார்த்து, “உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?” என்றார்.

ஊர் சிரித்தது. அடுத்த வாரம் சிரிக்கவில்லை. பக்கத்து ஊர் வாத்தியாரை அதே காரணத்துக்காக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவருடைய தொப்பி மட்டும் திரும்பி வந்தது. இனி அவருக்கு இது தேவைப்படாது என்று சொல்லி மனைவி கையில் கொடுத்தார்களாம். நல்ல தொப்பி. யாரும் அதை வாங்க முன்வரவில்லை.

அன்றிலிருந்து மதெலோன் வீட்டில் பாடம் தொடங்கினாள். அடுப்படியில் முக்காலியைப் போட்டு, அதன்மேல் ஒரு பூசணிக்காயை வைத்து, தர்போவின் பழைய தொப்பியை அதற்கு மாட்டினாள்.

“திட்டு. கோவம் வந்தா நீ தானா வரும். இவன் உன் பணத்தைத் திருடிட்டான்னு வெச்சுக்கோ. திட்டு.”

தர்போ பூசணிக்காயைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். “நீங்க ஒரு திருடங்க.”

“திருடன்!”

“நீங்க ஒரு திருடன்ங்க.”

“உனக்குக் கோவமே வராதா?”

“வருதுங்க. ஆனா அவங்களுக்கும் என்ன கஷ்டமோ.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “மதெலோன், எல்லாரும் சமமாகணும்னுதானே சட்டம்? எல்லாரையும் கீழ இறக்கி நீன்னு சொல்றதுக்குப் பதிலா, எல்லாரையும் மேல ஏத்தி நீங்கன்னு சொன்னாலும் சமம்தானே?”

மதெலோன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். “இதை வெளியில எங்கயும் சொல்லாதே” என்றாள்.

ஊர் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒரு விஷயம். வாத்து மேய்க்கிறவளும், கிணறு தூர்வாருகிறவனும், ஜன்மத்தில் ஒரு தடவை ‘நீங்க’ என்று காதால் கேட்டிருக்கிறார்கள் என்றால் அது தர்போ வாயிலிருந்துதான். கோட்டை வாசலில் நின்ற காலத்திலேயே, பிரபுவுக்குக் குனிந்த அதே அளவு குனிந்து, முட்டைக்காரிக்கும் வழிவிட்டவர் அவர். பிரபுவுக்கு அது பிடிக்காது. முட்டைக்காரிக்குப் பிடிக்கும். இதைப் பற்றி ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. தர்போவைக் கேலி செய்வது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

அவரைக் காப்பாற்றும் வழியைக் கண்டுபிடித்ததும் அந்தக் கேலிதான். ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களிடம் தர்போ ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். ஃபிர்மென் பாலத்தின் மேல் உட்கார்ந்து, அவர் தப்புச் செய்யும்போதெல்லாம் தன் கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

“நீங்க உத்தரவைப் பார்த்தீங்களா?” என்றார் தர்போ.

ஃபிர்மென் கையைத் தூக்கினான். பாதியில் நிறுத்தினான். “யோவ், இது தப்பில்லையே! ரெண்டு பேரு நிக்கிறாளுங்க. ரெண்டு பேருக்கு நீங்கதானேய்யா சொல்லணும்?”

மதெலோன் அன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டாள். தர்போவிடம் யாரும் தனியாக வரக்கூடாது. வந்தால் ஜோடியாக வாருங்கள்.

ஊர் வந்தது. வரப்புத் தகராறில் பல வருஷமாகப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி தோளோடு தோள் இடித்துக்கொண்டு சான்று வாங்க வந்தார்கள். யார் கையாவது கிடைக்காதா என்று காத்திருந்த பையன்களும் பெண்களும், அதிகாரியைப் பார்க்கணும் என்ற சாக்கில் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு அதிகாரியிடம் கேட்க ஒன்றுமே இருக்காது. பெண்டாட்டி செத்துப்போன செருப்புத் தைக்கிறவர், கூட யாரும் அமையாமல், தன் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். தர்போ இருவரையும் விசாரித்தார். “நீங்க ரெண்டு பேரும் சௌக்கியம்தானே?”

ஒருவரும் பிசகவில்லை. பிசகியது உப்பு வியாபாரி. வெளியூர்க்காரன், தனி ஆள், ஊர்க் கட்டுப்பாடு அவனுக்குத் தெரியாது. தர்போ அவனை, “வாங்க, மழையில நனைஞ்சிட்டீங்களே” என்று சொல்லிவிட்டார். அவனுக்கு மனசு நிறைந்துபோய்விட்டது. அவன் கோள் சொல்லவில்லை, பெருமைதான் பட்டான். மாவட்டத் தலைநகரின் சாராயக்கடையில் உட்கார்ந்து, “லாந்த்ரில அதிகாரியே என்னை நீங்கன்னுதான் கூப்பிட்டார், தெரியுமா?” என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான். பக்கத்து மேசையில் யார் இருந்தார்கள் என்று பார்க்கவில்லை.

கமிஷனர் வந்தார். வெர்மோ என்று பெயர். புதிய காலண்டர்படி அன்று கோடாலி நாள். தர்போவே அதைக் காலையில் திடலில் அறிவிக்கவேண்டியிருந்தது. அவர் குரல் நடுங்கவில்லை. ஃபிர்மெனும் அன்று எதிர்வாய் பேசவில்லை.

கமிஷனர் வெர்மோவுக்கு மீசை இப்போதுதான் முளைக்க உத்தேசித்திருந்தது. இடுப்பில் வாள், அது நடக்கும்போது அவர் முழங்காலை அடித்தது. தொப்பியில் மூவர்ண இறகு. மழையில் நனைந்து, ஓடையில் விழுந்த கோழி மாதிரி தொங்கியது. மாவட்டத்திலிருந்து விடாத மழையில் வந்திருந்தார். வண்டி ஒன்றையும் கூடவே கொண்டுவந்திருந்தார். அதில் யாரும் இல்லை. அதற்குக் காவலாக இரண்டு சிப்பாய்கள் வாசலில் நின்றார்கள். காலி வண்டிக்கு எதற்குக் காவல் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை.

முன்பு தேவாலயமாக இருந்து இப்போது பகுத்தறிவுக் கோயிலாக இருக்கும் இடத்தில் ஊரைக் கூட்டினார். அது முன்பு எவ்வளவு குளிருமோ இப்போதும் அவ்வளவே குளிர்ந்தது. ஊர் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தது. கமிஷனர் அதைச் சற்று நேரம் பார்த்தார். யாரோ அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கவேண்டும்.

“நீ. எழுந்து வா. தனியா வா” என்று கையைக் காட்டினார்.

கை காட்டிய இடத்தில் ரொட்டிக்காரன் பெண்டாட்டி துவானெத் இருந்தாள். கூடவே எழுந்த ரொட்டிக்காரனைச் சிப்பாய் உட்கார வைத்தான். துவானெத் தனியாக, நிதானமாக, முதுகில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

“தேசிய அதிகாரி, இவகிட்டப் பேசு.”

தர்போ தொப்பியைக் கழற்றினார். முன் வரிசையில் மதெலோன் உதட்டைக் குவித்து, சத்தமில்லாமல் ‘நீ, நீ’ என்று காட்டிக்கொண்டிருந்தாள். தர்போ துவானெத்தின் முகத்தைப் பார்த்தார். அது வெளுத்து வியர்த்திருந்தது.

“நீங்க நிக்க வேண்டாம்,” என்றார். “உட்காருங்க.”

கமிஷனர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

“உன் முன்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க?”

தர்போ துவானெத்தை மேலிருந்து கீழே பார்த்தார். நடுவில் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அவர் எதையும் அவசரமாகச் சொல்லிப் பழகியவரில்லை.

“ரெண்டு பேர், குடிமகனே. ஒருத்தர் பேரை இன்னும் பதிவு பண்ணலை.”

ஃபிர்மென் வாயைப் பொத்திக்கொண்டான். பொத்திய வாயிலிருந்து பன்றி மாதிரி ஒரு சத்தம் வந்தது. துவானெத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஆமாங்கய்யா... ஆமா, குடிமகனே. இப்பக்கூட உதைக்குது. ஆமாங்குது” என்றாள். அதன் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. வாசலில் நின்ற சிப்பாய்களில் ஒருவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கமிஷனர் முகம் காதுவரை சிவந்தது. சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தார். பிறகு துவானெத்தைப் போகச் சொல்லிவிட்டு, தர்போவுக்கு நேர் எதிரே, கை எட்டும் தூரத்தில் வந்து நின்றார்.

“நான் ஒரே ஆள். எனக்கு வயிறும் இல்லை. என்கிட்டப் பேசு. இன்னொரு நீங்க வந்தா, அது வண்டியில ஏறித்தான் போகும்.”

ஜோடி போட்டு யாராலும் உதவ முடியாத இடம் அது. தர்போவுக்கு முன்னால் தொப்பி, இறகு, வாள், மூவர்ணம். இந்த மாதிரி உடுப்பைப் பார்த்ததும் முதுகு வளைந்தே பழக்கப்பட்ட மனுஷன். இப்போதும் வளைந்தது.

“நீ...” என்றார்.

அந்த ‘நீ’ நீண்டுகொண்டே போனது. அதன் முதுகுக்குப் பின்னால் ‘ங்க’ வந்து நிற்பது எல்லாருக்கும் தெரிந்தது. மதெலோன் கண்ணை மூடிக்கொண்டாள். தர்போவின் நெற்றியில் நரம்பு புடைத்தது. உதடு ‘ங்க’வுக்கு விரிந்தது, மூடியது, மறுபடி விரிந்தது.

அப்போது கமிஷனருக்கு இருமல் வந்தது. முதலில் கையால் மறைத்துக்கொண்டார். அது அடங்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார். தொப்பி கழன்று உருண்டது. தொப்பிக்குக் கீழே இருந்த தலை சின்னதாக, ஈரமாக, முடி ஒட்டிக்கொண்டு இருந்தது. தர்போ குனிந்த நிலையில் இருந்ததால் அவர் கண்ணுக்குப் பட்டது கமிஷனரின் கால்கள்தான். பூட்ஸ் இரண்டும் முன்பக்கம் வாய் பிளந்திருந்தன. ஒவ்வொரு இருமலுக்கும் அவற்றிலிருந்து தண்ணீர் பிதுங்கிக் கல் தரையில் ஓடியது.

“நீ எப்ப சாப்பிட்டே?” என்றார் தர்போ.

மதெலோன் கண்ணைத் திறந்தாள்.

“இந்த பூட்ஸோடயா மாவட்டத்துலேர்ந்து வந்தே? உனக்கு அறிவிருக்கா? உட்காரு.”

“தேசிய அதிகாரி, இப்ப விசாரணை...”

“உட்காருன்னேன்ல? மூச்சு விட முடியலை, பேச்சு வேற.”

அங்கே ஒரே ஒரு நாற்காலி இருந்தது. கமிஷனர் வெர்மோ அதில் எப்படி உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. தர்போ அவர் முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். அது பழைய குனிவா, வேறு ஏதாவதா என்று ஊரில் யாராலும் சொல்ல முடியவில்லை. வலது பூட்ஸின் குதியைப் பிடித்து இழுத்தார். அது வரமாட்டேன் என்றது. “காலைத் தளர்த்து. விறைக்காதே. தளர்த்துடா” என்றார். சேற்றிலிருந்து கன்று வெளியே வருகிற சத்தத்தோடு பூட்ஸ் கழன்றது. உள்ளே இருந்த கால் மெழுகு மாதிரி வெளுத்து, விரல்கள் சுருங்கிப்போய் இருந்தது.

துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று தர்போ அக்கம்பக்கம் பார்த்தார். ஒன்றும் இல்லை. அதிகாரி என்பதற்கு அடையாளமாகத் தன் இடுப்பில் கட்டியிருந்த மூவர்ணப் பட்டையை அவிழ்த்தார். அது குடியரசு கொடுத்தது. அதை அழுக்காக்கியதற்கே ஒருவனை வண்டியில் ஏற்றலாம். அதன் நீலப் பக்கத்தால் பாதத்தைத் துடைத்து, வெள்ளையால் விரல்களின் இடுக்கைத் துடைத்து, மீதியை அப்படியே சுற்றி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து அழுத்தித் தேய்த்தார்.

வாசலில் நின்ற சிப்பாய்கள் கமிஷனரைப் பார்த்தார்கள். ஊர் கமிஷனரைப் பார்த்தது. வெர்மோ மூவர்ணம் சுற்றிய தன் காலைப் பார்த்தான்.

பிறகு மற்றக் காலையும் நீட்டினான்.